“இத்தனை நாளா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

மருத்துவர் கேட்ட கேள்வி இதுதான். கோபமாகக் கேட்கவில்லை. பரிசோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டே, கொஞ்சம் சலிப்போடு கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அத்தை யோசிக்கவே இல்லை. “நடவு நட்டுக்கிட்டு இருந்தேன் டாக்டரம்மா” என்றார்.

அத்தைக்குத் தீட்டு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. முந்தைய குறுவையின்போதே மறுபடி படத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் நின்ற சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்திருக்கிறார். சம்பா நடவு முடியட்டும், களை முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, இடுப்பு வலியில் உட்கார முடியாமல் போன பிறகுதான் மகளிடம் சொன்னார். மகள் எங்களிடம் சொன்னார். கருப்பை வாய்ப் புற்று, பக்கத்து உறுப்புகளுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அந்த ஐப்பசியில் அத்தை இறந்துபோனார். வயது 53.

நாங்கள் நான்கு பேர். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களோடு வேலை செய்கிறோம். அத்தை எங்கள் யாருக்கும் ரத்த உறவு இல்லை. ஆனால் மூன்று வருடம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் எங்கள் கூட்டங்கள் நடந்தன. மனைப்பட்டா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சுடுகாட்டுப் பாதை, நூறு நாள் வேலையின் கூலி பாக்கி என்று பேசாத விஷயம் இல்லை. அத்தை டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்பார். “உங்க உடம்பு எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டு, பதிலுக்காக நாங்கள் ஒரு நாளும் காத்திருந்ததில்லை.

கருப்பை வாய்ப் புற்று திடீரென்று வருவதில்லை. வைரஸ் தொற்றில் தொடங்கிப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் பரிசோதித்துப் பார்த்திருந்தால் தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது. அவற்றில் மூன்று ஆண்டுகள் நாங்கள் அதே திண்ணையில் இருந்திருக்கிறோம். மருத்துவரின் கேள்வியை எங்களிடமும் கேட்டதாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

தோழர்களே, நம் பயிற்சி வகுப்புகளிலும் அறிக்கைகளிலும் ஒரு சொற்றொடர் தவறாமல் வரும்: “மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.” நாங்களும் எழுதியிருக்கிறோம். அத்தை போன பிறகு அதை எழுதக் கை வரவில்லை. புற்றுநோயையும் மாரடைப்பையும் பற்றி நம் குடும்பங்கள் உண்மையில் என்ன நினைக்கின்றன என்று கேட்க முடிவுசெய்தோம். கேள்வித்தாள் எதுவும் கையில் இல்லை. வரப்பிலும் குழாயடியிலும் டீக்கடை வாசலிலும் ஒரு வருடம் கேட்டதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

உழைக்கிற உடம்பு

முதலில் எல்லா ஊரிலும் கேட்டது இது: “வேல செய்யிற உடம்புக்கு பிரஷர் எப்படி வரும் தம்பி? உக்காந்து திங்கிறவனுக்குத்தான் அதெல்லாம் வரும்.”

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இதற்குள் ஒரு பெருமிதம் இருக்கிறது. நிலம் இல்லாதவர்களுக்கு உடம்புதான் சொத்து. ‘என் உடம்பில் குறை இல்லை’ என்பது ‘என்னிடம் சொத்து இருக்கிறது’ என்று சொல்வதைப் போல. அதில் பாதி உண்மையும் உண்டு. உடலுழைப்பு இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும், வாயில் புகையிலை, இரவில் கடன்காரனை நினைத்துத் தூக்கமின்மை, சிலருக்குக் குடி என்று சேரும்போது, உழைப்பு தருகிற பாதுகாப்பு போதாமல் போகிறது. இரத்த அழுத்தம் வலிக்கவும் செய்யாது. 140-க்கு 90-ஐத் தாண்டி ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் ஆள் களை பறித்துக்கொண்டுதான் இருப்பார். பக்கவாதத்தில் விழும் நாளில்தான் குடும்பத்துக்கே தெரிகிறது.

தெரிந்தவர்களும் வெளியே சொல்வதில்லை. அதற்கும் காரணம் உண்டு. ஒரு அக்கா சொன்னார்: “சீக்காளின்னு பேரு வந்துட்டா அடுத்த நாள் ஆளுக்குக் கூப்புட மாட்டாங்க.” நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வேலை நாட்கள் சுருங்கிப்போன டெல்டாவில், இருக்கிற நாலு நாள் வேலையையும் இழக்க யார் துணிவார்கள்?

வாய்வு

இன்னொரு ஊரில் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், காலையில் மடை திறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்வு என்று சொல்லி வீட்டுக்கு வந்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். வியர்த்துக் கொட்டியது. இஞ்சி தட்டிக் கொடுத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் உயிர் இல்லை. துக்கத்துக்குப் போன எங்களிடம் பங்காளி ஒருவர் சொன்னார்: “கொடுத்து வச்ச சாவு. படுக்கையில கெடக்கல, யாருக்கும் செலவு வைக்கல.”

அந்தச் சொல் எங்களை வெகு நாள் தொந்தரவு செய்தது. இதை விதியை நம்புகிற மனம் என்று சொல்லிவிடலாமா? பக்கத்துத் தெருவில் இதய அறுவைக்காகச் சென்னைக்குப் போன குடும்பம் இருக்கிறது. காப்பீட்டு அட்டை மருத்துவச் செலவைப் பார்த்துக்கொண்டது. ஆனால் துணைக்குப் போன மகனின் இரண்டு மாதக் கூலி, தங்கல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் வட்டிக்கு வாங்கிய பணம். மூன்று வருடமாகியும் அந்தக் கடன் தீரவில்லை. அதைப் பார்த்தவர்கள்தான் சட்டென்று வரும் சாவைக் கொடுப்பினை என்கிறார்கள். அவர்கள் சாவைக் கொண்டாடவில்லை, கடனுக்குப் பயப்படுகிறார்கள்.

ஆனால் இந்த இடத்தில் நாம் மௌனமாக இருக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடியது இருந்தது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை; பெண்களுக்குச் சில நேரம் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும். இவற்றில் எது வந்தாலும் சோடா கடைக்குப் போகாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒவ்வொரு தெருவிலும் நாலு பேராவது தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஒரு நாளின் விலை

பரிசோதனை இலவசம். மாத்திரை இலவசம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணமும் இலவசம். பிறகும் ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். நாங்களும் கேட்டோம். அதற்கு ஒரு சின்னம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

ஒரு நாள் வேலை போகிறது. 2025–26-க்கு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியே 336 ரூபாய். நடவுக் காலமென்றால் அதற்குமேலும் கிடைக்கும். காலையில் போனால் சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, ‘ரிசல்ட் நாளைக்கு’ என்பார்கள். அடுத்த நாளும் போக வேண்டும். ஏதாவது இருக்கிறது என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே துணைக்கு ஒருவர் வேண்டும். அவருக்கும் கூலி போகும். இத்தனையும் எதற்கு? உடம்பில் ஒரு வலியும் இல்லாத நாளில், ஒன்றும் இல்லை என்று கேட்டுத் திரும்புவதற்கு. “வலி வந்தா போவத்தான் போறோம்மா. வலி இல்லாதப்ப ஆயிரம் ரூவாய எதுக்கு விடணும்?”

மாத்திரையை இடையில் நிறுத்துபவர்களையும் கேட்டோம். மருத்துவர்களிடம் நாங்கள் ஒருபோதும் கேட்டிராத காரணம் ஒன்று கிடைத்தது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் வெளியேற்றும். வயலில் பெண்கள் எங்கே போவார்கள்? திறந்த வெளி, சுற்றிலும் ஆண்கள், நிலக்காரர் வரப்பில் நிற்கிறார். அதனால் வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். வேலை இல்லாத நாளில் போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் ‘நோயாளி ஒழுங்காக மருந்து உட்கொள்வதில்லை’ என்று எழுதப்படுகிறது. வயலில் கழிப்பறை இல்லை என்பது எந்தச் சீட்டிலும் இல்லை.

வெற்றிலையும் மருந்தும்

நடவில் வேலை நடுவே சற்று நிமிர்ந்து நிற்க ஒரு சாக்கு வேண்டும். ஆண்களுக்குப் பீடி, பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை. சும்மா நின்றால் திட்டு விழும். வெற்றிலை போட நின்றால் விழாது. “ஒதுக்கி வச்சா பசி தெரியாது, இடுப்பு வலியும் தெரியாது” என்றார் ஒரு ஆயா. தலைமுறை தலைமுறையாக அது ஓய்வுக்கும் உணவுக்கும் பதிலாக இருந்திருக்கிறது. புகையிலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பாக்கு மட்டும் போட்டாலும் புற்று வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தில் அந்த ஆயா எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஏந்தம்பி, ஒங்க பையில என்ன இருக்கு?” எங்களில் ஒருவர் கூட்டத்துக்கு நடுவே எழுந்து போய் உதட்டுக்கு அடியில் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொள்வது ஊருக்கே தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தடை. தடை செய்யப்பட்ட பொருள் நம் இளைஞர்களின் சட்டைப் பையில் இருக்கிறது. அன்றைக்கே இன்னொரு கேள்வியும் வந்தது: “நீங்க நாலு பேரும் கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?” ஒருவரும் பார்த்ததில்லை. மறுநாள் போய்ப் பார்த்தோம். எங்களில் 34 வயதுக்காரருக்கு 150-க்கு 100 இருந்தது. பிறருக்கு விழிப்புணர்வு கொடுக்கப் போனவர்களின் நிலை இது.

கோடையில் பருத்தி போடும் ஊர்களில் இன்னொரு பேச்சு. நம் மொழியில் பூச்சிக்கொல்லிக்கும் மருந்து என்றுதான் பெயர். “மருந்து அடிக்கப் போறேன்” என்றுதான் சொல்வார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராகவும் அடிப்பார்கள். அடித்த இரண்டு நாளில் பெண்கள் பருத்தி எடுக்க இறங்குவார்கள். 2015-இல் அதே முகமை மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் ஆகியவற்றைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று அறிவித்தது. நம் தெருவில் வருகிற ஒவ்வொரு புற்றுக்கும் அதுவே காரணம் என்று நாம் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் தனிமனிதப் பழக்கத்தைப் பற்றி மட்டும் பேசி, கூலிக்காரரின் முதுகில் ஏற்றப்படும் கைத்தெளிப்பானைப் பற்றிப் பேசாத எந்தத் தடுப்பு வகுப்பும் அரைகுறையானதுதான்.

சாதி எங்கே நிற்கிறது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது என்பது, மேலே சொன்ன ஒரு நாளின் விலையைப் புரிந்துகொண்ட யோசனை. இதனால் பயன்பெற்ற பல குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். நல்ல திட்டத்தை நல்ல திட்டம் என்று சொல்லவேண்டும்.

ஆனால் எந்த நல்ல யோசனையும் நம் ஊரின் அமைப்புக்குள் நடந்துதான் வர வேண்டும். ஒரு ஊரில் நடந்த பரிசோதனை முகாமைக் குடியானத் தெருவில் உள்ள கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். அந்த மண்டபத்துக்குள் நம் மக்கள் ஏறி உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. ‘எல்லாரும் வரலாம்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தெற்குத் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று பதிந்திருப்பார்கள். இன்னொரு இடத்தில், வாய்க்குள் பார்க்க வேண்டிய பணியாளர் இரண்டடி தள்ளி நின்று, “புண்ணு இருக்கா? இல்லல்ல?” என்று கேட்டே முடித்துவிட்டார். இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல் இவையெல்லாம் தொட்டு, விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

உணவு விஷயத்திலும் இதுதான். “மாட்டுக்கறி தின்னா இப்படித்தான்” என்று ஒரு மருத்துவமனையில் நம் அக்கா ஒருவரிடம் சொன்னார்கள். அவர் அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. அறிவியல் சொல்வது வேறு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்றும், சிவப்பு இறைச்சிக்கு அந்த வாய்ப்பு உண்டு என்றும் 2015-இல் வகைப்படுத்தினார்கள். சிவப்பு இறைச்சி என்றால் ஆட்டுக்கறியும் சேர்த்துத்தான். ஆட்டுக்கறி தின்பவரிடம் இந்தக் குரலில் யாரும் பேசுவதில்லை. அளவாகச் சாப்பிடுங்கள் என்பது மருத்துவம். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வது சாதி. இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் மக்களுக்குத் தெரியும். அப்படிப் பிரிக்கும்போது, மருத்துவத்தையும் சேர்த்து விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் நமக்கு இழப்பு.

பாடநூலும் திண்ணையும்

சமூகவியல் வகுப்பில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த உளவியலாளர்கள், காசநோய்க்கான இலவச எக்ஸ்ரே பரிசோதனைக்கு மக்கள் ஏன் வரவில்லை என்று ஆராயப் போய், ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’ என்ற கோட்பாட்டை உருவாக்கினார்கள். நோய் தனக்கு வரும் என்று ஒருவர் நம்புகிறாரா, அது கடுமையானது என்று நினைக்கிறாரா, தடுப்பதால் பயன் உண்டு என்று கருதுகிறாரா, அதற்குத் தடையாக எதைப் பார்க்கிறார் என்று அது கேட்கும். பயனுள்ள கேள்விகள்தான். ஆனால் தடை மனதில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு நாம் வேலை செய்யும்போது, மண்டபத்தின் படியும் வயலில் இல்லாத கழிப்பறையும் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. யோஹான் கால்டுங் 1969-இல் ‘கட்டமைப்பு வன்முறை’ என்று பெயரிட்டது இதைத்தான்: அடிப்பவர் யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனாலும் சாவு முன்னதாகவே வந்துவிடும்.

எவ்வளவு முன்னதாக? ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் தலித் பெண்கள், சாதியடுக்கில் மேலே உள்ள பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் இளைய வயதில் இறக்கிறார்கள். இது இறந்தவர்களின் சராசரி வயதை வைத்துச் செய்த கணக்கு. ஆயுள் எதிர்பார்ப்பு என்பது வேறு கணக்கு. விவாதங்களில் இதைச் சொல்லும்போது அந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் 1.2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று வருகிறது. 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் இதற்கான பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட நன்றாகவே இருக்கிறது. இங்கேயும் அது நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற அளவில்தான்.

நம் இயக்கமும் இந்தக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வெட்டுப்பட்ட உடலுக்காகச் சாலை மறியல் செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். வெண்மணியின் 44 பேரை ஒவ்வொரு டிசம்பரிலும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் 53 வயதில் மெதுவாகச் செத்த பெண்ணின் பெயர் எந்தத் துண்டறிக்கையிலும் வருவதில்லை. நமக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நோய் பார்த்த கைதான் ‘ஒரு பைசாத் தமிழ’னையும் எழுதியது. அண்ணல் அம்பேத்கர் பல ஆண்டுகள் சர்க்கரை நோயோடு போராடி, 1956 டிசம்பர் 6 அன்று 65 வயதில் மறைந்தார். இன்னும் பத்து ஆண்டுகள் அவர் இருந்திருந்தால் என்று நாம் எல்லோரும் ஒருமுறையாவது நினைத்திருக்கிறோம். தெருவில் உழைத்துச் சாகிறவர்களின் அந்தப் பத்து ஆண்டுகளுக்கும் அதே மதிப்பு உண்டு.

ஆளாகப் போனார்கள்

மாற்றம் எங்கள் யோசனையில் வரவில்லை. நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் அக்கா ஒருவர்தான் சொன்னார்: “ஒத்தப் பொம்பளையா போனா பயம். நாங்க எங்க போனாலும் ஆளாத்தான் போவோம். இதுக்கும் ஆளாப் போறோம்.” நாளையும் அவர்களே குறித்தார்கள். தாளடி அறுப்பு முடிந்து, பருத்திக்குக் களை வராத பங்குனியில் ஒரு வாரம் வேலை இருக்காது. கூலி போகாத நாள் அது. நாங்கள் செய்ததெல்லாம் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, பெண் செவிலியர் இருக்கும் நாளாக உறுதிசெய்ததும், என்ன செய்வார்கள் என்று முந்தைய நாள் இரவு விளக்கியதும்தான்.

அந்தப் பரிசோதனை எளிமையானது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை. வெள்ளையாகத் தெரிந்தாலே புற்று என்று அர்த்தமும் இல்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இதைச் சொன்னபோது ஒரு அக்கா, “இவ்வளவுதானா? இதையா இத்தன வருசம் யாரும் சொல்லல?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

11 பேர் போனார்கள். ஒருவருக்கு வெள்ளைத் திட்டு இருந்தது. மேல் பரிசோதனைக்கு அவரைத் தனியாக அனுப்பவில்லை. இருவர் கூடவே போனார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை என்று சொல்லி அந்த இடத்தை மட்டும் சிகிச்சையில் அகற்றினார்கள். ஆனியில் அவர் குறுவை நடவில் நின்றார். இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம். வயலில் பிரச்சினை என்று அவர்களே மருத்துவரிடம் வாய் திறந்து சொன்னதால் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

இது ஒரு தெருவின் கதை. வெற்றி என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. ஆனால் இதிலிருந்து சில கோரிக்கைகள் தெளிவாகின. முகாம் நம் தெருவுக்குள், வேலை இல்லாத மாதத்தில், மாலை நேரத்திலும் நடக்க வேண்டும். பரிசோதனை நாளுக்குக் கூலி ஈடு வேண்டும். கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் கொடுக்கும் மாநிலம் இது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதாமாதம் பணம் தருகிற நாடு இது. ஆகவே இது நடக்காத காரியம் அல்ல. மருந்து அடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் நிலக்காரரின் பொறுப்பாக வேண்டும். வேலைத்தலத்தில் மறைவான கழிப்பிடம் வேண்டும். எந்தெந்தத் தெருவில் பரிசோதனை நடந்தது, எதில் நடக்கவில்லை என்ற கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் இதை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நீங்கள் உங்கள் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். பாக்குப் பொட்டலம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். எங்கள் தோழர் விட்டுவிட்டார். மூன்று முறை தோற்று நான்காவது முறை. வீட்டில் அம்மாவிடம் அவர் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

அந்த 11 பேரில் அத்தையின் மகளும் இருந்தார். வயது 32. அவர் முறை வந்தபோது செவிலியர் பதிவேட்டைத் திறந்து, “என்னம்மா தொந்தரவு?” என்று கேட்டார்.

“தொந்தரவு ஒண்ணும் இல்லக்கா” என்றார் அவர். “சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்.”

ஜெய்பீம்.